ஒரு கட்டில், இரண்டு ஷிப்ட், ஓர் எரிமலை

குளிர்பதனக் கிடங்கில் அவளுக்கு ஐஸ் அக்கா என்று பெயர். மீனும் இறைச்சியும் பட்டாணியும் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும் அந்த ஃப்ரீசர் அறைக்குள் யார் போகலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். அந்தச் சட்டங்களில் ஒன்றை மீறினால் அன்றைக்குத் தொலைந்தோம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் உள்ளே இருந்தால் இன்னொருவர் கதவருகே நின்றாக வேண்டும். அவ்வப்போது கதவைக் கொஞ்சம் திறந்து இரண்டு தட்டு தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் "இருக்கேன்!" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வரவில்லையா, உடனே ஆளை வெளியே இழுத்துப் போடு. ஏன், எதற்கு என்ற விசாரணையெல்லாம் அப்புறம்.

வீட்டுக்காரர் பேக்கரியில் ரொட்டி மாஸ்டர். ஊர் தூங்கப் போகிற நேரத்தில் அவர் அடுப்பைப் பற்றவைப்பார். ஊர் எழுந்து ரொட்டி வாங்க வரும்போது அவர் வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுவார். அதற்குள் ஐஸ் அக்கா வேலைக்குக் கிளம்பியிருப்பாள். ஒரே கட்டில், இரண்டு ஷிப்ட். அவள் எழுந்த சூடு ஆறுவதற்குள் அவர் படுப்பார், அவ்வளவுதான் தாம்பத்தியம். சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது அவர் இன்னும் தூங்கிக்கொண்டிருப்பார். அவள் பாத்திரத்தைக்கூடப் பூனை நடை நடந்துதான் வைப்பாள். அவர் எழுந்தால் கிளம்புகிற அவசரம், அவளுக்கோ வந்து சாய்ந்த அலுப்பு. "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." "கேஸ் வந்துதா?" "வந்துது." சரி, விடுமுறை நாள் என்று ஒன்று உண்டே என்பீர்கள். அவளுக்கு ஞாயிறு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்கு விடுமுறை விட்டால் ஊர் சும்மா விடுமா?

இப்படியே இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. இந்த அழகில் ஒரு மகளைப் பெற்று, வளர்த்து, படிக்கவைத்து, வேலைக்கும் அனுப்பிவிட்டார்கள். எப்படி என்று கேட்காதீர்கள், அவர்களுக்கே தெரியாது.

வெளியூரில் வேலை பார்க்கும் அந்த மகள்தான் ஒருநாள் போனில் ஆரம்பித்தாள். "உங்க கல்யாண நாளுக்கு நான் உங்களை வெளிநாடு அனுப்பறேன். எங்க வேணும்னாலும் சொல்லுங்க. ஆனா ரெண்டு பேரும் ஒரே இடமாச் சொல்லுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வில்லங்கம். அடுப்பு முன்னால் வெந்துபோன மாஸ்டருக்குப் பனி பார்க்க வேண்டும். ஐஸ் அக்காவோ, "வருஷம் பூரா நான் பார்க்காத பனியா? எனக்கு வெயில் வேணும். மணல்ல படுத்து முதுகு காயணும்" என்றாள். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால், அவள் பிடித்ததற்கு இரண்டே கால். மகள் இரண்டு வாரம் பஞ்சாயத்து செய்து பார்த்தாள். பிறகு எங்கேயோ தேடி, உலகப் படத்தின் உச்சந்தலையில் ஒரு தீவைக் கண்டுபிடித்தாள்.

"கீழ பூமி கொதிக்குதாம், மேல ஐஸ் மலையாம். எரிமலை இருக்கு, வெந்நீர்க் குளம் இருக்கு, பனி இருக்கு. உங்க ரெண்டு பேருக்குன்னே கடவுள் கட்டின வீடு மாதிரி இருக்கு. போய்த் தொலைங்க!"

அன்றைக்குத்தான் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தீவின் வரைபடம் ஏறியது. சுருண்டுகொள்ளாமல் இருக்க நாலு மூலையிலும் பிஸ்கட் டப்பா. மாஸ்டர் அதைப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் முன்னால் எழுந்தார். அவளும் பார்க்கலாம் என்று உட்கார்ந்தாள். முதலில் வெந்நீர்க் குளமா, ஐஸ் மலையா என்று ஆரம்பித்ததில் அவருக்கு பஸ் போய்விட்டது. மறுநாள் இன்னும் கொஞ்சம் முன்னால் எழுந்தார். அவளும் கிடங்கு வாசலில் நின்று வம்பு பேசுவதை விட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வந்தாள்.

சண்டை என்றால் சாதாரணச் சண்டை இல்லை. கோடைக்குப் போவதா, குளிர்காலத்துக்கா என்பதிலேயே ஒரு மாதம் போயிற்று. கோடையில் அந்தத் தீவில் சூரியன் மறைவதே இல்லை என்று மாஸ்டர் எங்கேயோ படித்துவிட்டு வந்தார்.

"அப்ப எப்ப தூங்குறது?" என்றாள் அவள்.

"எனக்கென்ன கவலை? நான் வெளிச்சத்துல தூங்கிப் பழகினவன். படுத்தா தூங்கிடுவேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. "அங்க வந்தும் நீங்க தூங்கினா, நான் யாரோட ஊர் பார்க்கிறது? கோடை வேணவே வேணாம்."

"சரி, குளிர்காலத்துல போவோம். நாள் பூரா இருட்டாம்."

"இருட்டினா எனக்குக் கண்ணு சொக்கிடுமே!"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கோடை பூரா அவள் ஷிப்ட், குளிர்காலம் பூரா அவர் ஷிப்ட். இத்தனை தூரம் பறந்து போயும் அதே கதையா? கடைசியில் பகலும் இரவும் சரிபாதியாக இருக்கிற மாதம் ஒன்று உண்டு என்று தெரிந்த பிறகுதான் சமாதானம் ஆயிற்று. அன்று மாஸ்டர் சிரித்த சிரிப்பைப் பார்த்து, இந்த மனுஷனுக்குக் கன்னத்தில் குழி விழுமா என்று அவள் ஆச்சரியப்பட்டாள். இருபத்தைந்து வருடமாகக் குழி அங்கேதான் இருந்திருக்கிறது.

இன்னொரு நாள் மாஸ்டர் கண்கள் பளபளக்க வந்தார். "அங்க ரொட்டியை மண்ணுல புதைச்சுச் சுடுறாங்களாம்மா! அடுப்பே கிடையாது. பூமிச் சூட்டுலயே வேகுதாம்!"

"ஏங்க, ரொட்டிகிட்ட இருந்து தப்பிச்சுப் போறதுக்குத்தானே இந்தப் பயணம்?"

"சும்மா ஒரு பார்வை பார்க்கலாம்னு..."

"வெட்கமா இல்ல?" என்று அவரை வெளுத்து வாங்கினாள். அந்த வாரமே மகள் போனில், "அம்மா, துறைமுகத்துல மீன் ஃப்ரீசரைச் சுத்திப் பார்க்க விடுவாங்களான்னு கேட்டியே, விசாரிச்சேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டாள். மாஸ்டர் டப்பாவைத் திறந்தார். ஒரு பிஸ்கட்டை எடுத்து மெதுவாக, ரசித்துக் கடித்தார்.

பிறகு கோட்டு விவகாரம். மாஸ்டர் பஞ்சு மெத்தை மாதிரி ஒரு கோட்டு வாங்கி வந்தார். குளிர் தாங்குமா என்று வீட்டில் போட்டுப் பார்த்து வேர்த்துக் கொட்டினார். "எங்க ஃப்ரீசருக்கு வாங்க, ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிடும்" என்றாள் அவள். வேலை முடிந்த கையோடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, ஒரு காலையில் கிடங்குக்கு வந்து நின்றார். புருவமெல்லாம் மாவு. மூட்டை ஏற்றுகிறவர், "என்னண்ணே, உள்ள போகாமலே பனி பிடிச்சிடுச்சு?" என்று கேட்க, கிடங்கே சிரித்தது.

"தட்டினா இருக்கேன்னு சொல்லணும். புரிஞ்சுதா?" என்று சட்டத்தைச் சொல்லி அவள் அவரை உள்ளே அனுப்பினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து இரண்டு தட்டு தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்ட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. கையுறை இல்லாமல் உள்ளே பாய்ந்து, கோட்டுக் காலரைப் பிடித்து ஆளை வெளியே இழுத்துப் போட்டாள்.

மாஸ்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. தாடைதான் கொஞ்சம் இறுகியிருந்தது. அது இளகியதும், "உள்ள பிசைஞ்ச ரொட்டி மாவைப் பெட்டி பெட்டியா உறைய வெச்சிருக்காங்களே, அந்தப் பாவத்துக்கு நீதான் காவலா?" என்று கேட்டார். பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்து, அந்த அவமானத்தில் வாயடைத்து நின்றிருக்கிறார் மனுஷன்!

"மாவைக் குப்பையில போடுங்க! தட்டினா பதில் சொல்ல மாட்டீங்களா? சொல்ல மாட்டீங்களா?" என்று அவள் கத்தினாள். கத்தி முடித்தும் அவள் கோட்டுக் காலரை விடாததைக் கிடங்கே பார்த்தது. அன்றைக்கு யாரும் அதைச் சொல்லிக் கேலி செய்யவில்லை.

"சரிம்மா, சரி. இனிமே சொல்றேன்" என்றார் மாஸ்டர், குழந்தை மாதிரி.

இப்படியே ஏழெட்டு மாதம் அரைத்த மாவையே அரைத்தார்கள். எந்த ஹோட்டல், எந்த ஜன்னல், எரிமலைக்குக் கிழக்கேயா மேற்கேயா. ஒன்று முடிவானால் அடுத்த நாள் இரண்டு பேரில் ஒருவர் அதைக் கலைப்பார். கலைத்தது யார் என்று பார்த்தால், உண்மையைச் சொல்கிறேன், பாதி நாள் ஐஸ் அக்காதான். மகள் எத்தனை நாள் பொறுப்பாள்? ஒருநாள் போன் செய்தாள்.

"எல்லாத்தையும் நானே போட்டுட்டேன். டிக்கெட், ரூம், கார், வெந்நீர்க் குளம், ரொட்டி, மீன் ஃப்ரீசர், எல்லாம். இனிமே நீங்க ஒண்ணுமே யோசிக்க வேணாம். மூணு மாசம் கழிச்சு பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்புங்க, போதும்."

நல்ல மகள், தங்கமான மகள், என்ன செய்ய, தலையில் கல்லைப் போட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் மாஸ்டர் வழக்கம்போல முன்னால் எழுந்து மேசைக்கு வந்தார். அவள் டீ வைத்தாள். இருவரும் வரைபடத்தைப் பார்த்தார்கள்.

"எல்லாம் முடிஞ்சிடுச்சு இல்ல?" என்றார்.

"முடிஞ்சிடுச்சு."

"நல்லதாப் போச்சு."

"ஆமா."

டீயைக் குடித்துவிட்டு அவர் சீக்கிரமே பேக்கரிக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் அவள் வந்தபோது படுக்கையறைக் கதவு மூடியிருந்தது. அதற்கடுத்த நாளும் மூடியிருந்தது. அவர் பழையபடி கடைசி நிமிடத்தில் எழுந்து, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். "ஆச்சு" என்றாள். யாரோ வரைபடத்தைச் சுருட்டி அலமாரி மேல் வைத்திருந்தார்கள்.

அந்த வாரம் கிடங்கில் அவளிடம் பேச்சு வாங்காதவர் இல்லை. மூட்டைக்காரர்கூட, "ஊர் சுத்தப் போற ஆளு சந்தோஷமால்ல இருக்கணும்? என்னக்கா ஆச்சு?" என்று கேட்டுவிட்டார். அவள் என்னவென்று சொல்வாள்? இத்தனை மாதம் புருஷனோடு பேசியது அந்தத் தீவைப் பற்றி மட்டும்தான். ஓர் எரிமலையை நடுவில் வைத்துக்கொண்டுதான் இரண்டு பேருக்கும் பேச்சு வருகிறது என்றால், அதையும் பார்த்து முடித்த பிறகு? அங்கே போய் பத்து நாள் ஒரே அறையில், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு, "சாப்பிட்டாச்சா?", "ஆச்சு" என்று உட்கார்ந்திருந்தால்?  எரிமலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், அந்தப் பாழாய்ப்போன மேசையில் கொஞ்ச நேரம் சண்டை போட்டால் போதும் என்றிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். படுக்கையறைக் கதவு மூடியிருந்தது. பூனை நடை நடந்து அடுப்படிக்குப் போனாள், டீக்குத் தண்ணீர் வைத்தாள், அணைத்தாள். திரும்பி வந்து கதவு முன்னால் நின்றாள். மனுஷன் தூங்கும்போது எழுப்பக் கூடாது என்பது கல்யாணமான முதல் வாரத்தில் அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். இன்றுவரை அதை மீறியதில்லை.

இரண்டு தட்டு தட்டினாள்.

"இருக்கேன்!"

தட்டி முடிப்பதற்குள் குரல் வந்தது. தூக்கக் கலக்கமே இல்லை. எத்தனை நேரமாக, இல்லை எத்தனை நாளாக, இந்த மனுஷன் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார்?

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. என்ன சொல்லி எழுப்புவது என்று யோசித்து வைத்திருக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"ஏங்க, நாம போற நேரம் பார்த்து அந்த எரிமலை பொங்கிடுச்சுன்னா எந்தப் பக்கம் ஓடுறது? அதை யாருமே யோசிக்கலையே!"

கட்டில் கிறீச்சிட்டது. கதவு திறந்தது. மாஸ்டர் தலை கலைந்து நின்றார், கன்னத்தில் குழி விழுந்திருந்தது.

"அதைத்தாம்மா நானும் யோசிச்சிட்டே படுத்திருக்கேன்" என்றார். "அந்த வரைபடத்தை எடு. நீ கிழக்கன்னு சொல்லுவ, எனக்குத் தெரியும்."

"கிழக்கா? யார் சொன்னா கிழக்குன்னு?" என்றாள் ஐஸ் அக்கா, அலமாரி மேல் கையை நீட்டிக்கொண்டே.