காம்பு எங்கே?

கூடை தரையைத் தொடுமுன்பே ஒரு காளானை எடுத்துப் புரட்டிவிடுவாள். சந்தை வாசலில், தகரக் கூரை போட்ட காளான் சோதனை அறையில், பன்னிரண்டு ஆண்டுகளாக அவளுடைய முதல் பேச்சு வணக்கம் அல்ல. "காம்பு எங்க?" என்பதுதான். சந்தையில் அவளுக்குக் காம்பக்கா என்றே பெயர். அவள் கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் காட்டுக் காளானை யாரும் விற்க முடியாது.

மழை விட்டதும் காட்டில் முளைக்கும் இரண்டு வகைக் குடைக்காளான்கள் அவளைப் பாடாய்ப் படுத்துகின்றன. இரண்டுக்கும் தட்டகலக் குடை, மேலே பழுப்புச் செதில், அடியில் வெள்ளை மடிப்பு. "ஒரே வயித்துல பொறந்த ரெண்டு பொண்ணுங்க. ஒருத்தி சோறு போடுவா, இன்னொருத்தி குடலை உருவுவா" என்பாள். நல்லதன் காம்பில் பாம்புத்தோல் போல வரி ஓடும். கெட்டதன் காம்பு மழமழவென்றிருக்கும். முற்றினால் கெட்டதன் மடிப்பு பச்சை பூசிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் கறுப்புத் தாளில் குடையை வைத்து, மாலையில் உதிர்ந்திருக்கும் பொடி வெள்ளையா பச்சையா என்று பார்ப்பாள். ஆனால் பிஞ்சில் இரண்டும் பால்வெள்ளை, பொடியும் உதிராது. அப்போது காம்பைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அன்று காலை வந்தவன் அவள் உடன்பிறந்த தம்பி. கூடை நிறையப் பிஞ்சுக் குடைகள். ஒன்றிலும் காம்பில்லை.

"பள்ளி விடுதிச் சமையல்காரர் காம்பு நார் மாதிரி இருக்கு, வேணாம்னாரு. காட்டுலயே அறுத்துப் போட்டுட்டேன். மத்தியானம் பிள்ளைங்களுக்கு இதுதான். சீட்டுல கையெழுத்துப் போடுக்கா."

"அடையாளத்தை அறுத்துப் போட்டுட்டு, ஆள் யாருன்னு என்னைக் கேக்குறியா?"

"அடி வெள்ளையாத்தானே இருக்கு?"

"பிஞ்சுல எதுடா வெள்ளையில்ல? நீகூடப் பிஞ்சுல வெள்ளைதான்!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"இன்னைக்குக் குடுக்கலைன்னா அந்த விடுதி இனிமே என்கிட்ட வாங்காது. கூடப் பொறந்தவன் பொழப்பு இது, அக்கா."

"கூடப் பொறந்தவ கண்ணை மூடிக்கிட்டுப் போடுவான்னுதானே என் வாசலுக்கு வந்த?" "நூத்திருபது பிள்ளைங்கடா! வாந்தி எடுத்து எடுத்துச் சுருண்டு கிடந்தா நீயா போய்த் தாங்குவ?"

"பாதிக்கு மேல நல்லதுதான்க்கா. சத்தியமா."

"எந்தப் பாதி?"

அவன் கூடையைப் பார்த்தான்.

"உன் கையெழுத்தே வேணாம், போ. பின்பக்க வாசல் வழியா விடுதிக்குக் கொண்டுபோறேன்" என்று கூடையைத் தூக்கக் குனிந்தான்.

அவள் மேசைக்கடியிலிருந்து தரை கழுவும் பினாயில் புட்டியை எடுத்தாள். மூடியைத் திருகி எறிந்து, கூடை முழுக்க ஊற்றினாள். கடைசிச் சொட்டு விழும்வரை புட்டியின் அடியைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.