குண்டுகரிச்சானுக்கு ஒரு பீங்கான் வீடு

என் வீட்டுக்காரருக்குக் குண்டுகரிச்சான் என்றால் உயிர். அவர் உயிரை விடவில்லை, அதுதான் விட்டது.

விருத்தாசலத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறை. பின்னால் ஒரு பழைய வாகைமரம் இருந்தது. அதன் பொந்தில் கோடைக்குக் கோடை ஒரு ஜோடி குண்டுகரிச்சான் குஞ்சு பொரிக்கும். ஆண் கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு விடியுமுன்பே பாட ஆரம்பிக்கும். பெட்டை சாம்பல் நிறம். பாடுவதற்கு அவளுக்கு ஏது நேரம்? வேர், காய்ந்த புல், தேங்காய் நார், நான் சீவிப் போட்ட தலைமுடி என்று பொறுக்கிக்கொண்டு போய்ப் பொந்துக்குள் திணிப்பாள். மலைக்காட்டிலிருந்து ஊர்த் தோப்பு வரை எங்கும் பிழைத்துக்கொள்ளும், பொந்து ஒன்றுதான் அதற்கு வேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் இவர் பாடம் நடத்துவார். கொட்டகை போடுவதற்காக அந்த மரத்தை வெட்டியவரும் இவர்தான்.

வெட்டிய பிறகு ஜோடி கரண்டுக் கம்பியில் உட்கார்ந்து கத்தியது. இவருக்கு மனசு கேட்கவில்லையாம். குடம்போல ஒரு கூட்டுக்குப் பிளாஸ்டரில் மோல்டு செய்து, பீங்கானில் வார்த்தார். மேலே மூடிய குடம், பக்கவாட்டில் பறவை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. வெளியே பச்சை இலை வரைந்தார். உள்ளேயும் கிளேஸ், அதுதான் சுட்டால் கண்ணாடிபோல வழவழக்கிற பூச்சு, ஊற்றிச் சுழற்றினார்.

“உள்ள எதுக்குங்க கிளேஸு?”

“கழுவுனா பளிச்சுன்னு இருக்கும். ஒனக்கு என்னா தெரியும்?”

கொட்டகை உத்தரத்தில் உயரமாகத் தொங்கவிட்டார். வேறு போக்கிடம் இல்லாமல் பெட்டை அதில் முட்டையிட்டாள், குஞ்சும் பொரித்தாள். இவர் போன் ஸ்டேட்டஸில் தினம் ஒரு வீடியோ. எனக்கும் ஒன்று செய்து தாங்க என்று சேத்தியாத்தோப்பிலிருந்தும் வேப்பூரிலிருந்தும் கேட்டார்கள். தலை கால் புரியவில்லை இவருக்கு.

இறகு முளைத்ததும் தாயும் தகப்பனும் உள்ளே போய் ஊட்டுவதை நிறுத்திவிடும். வாயில் வெட்டுக்கிளியோடு எதிரே உட்கார்ந்து கூப்பிடும். பசி தாங்காமல் குஞ்சு வெளியே வந்தாக வேண்டும். மரப்பொந்து சொரசொரப்பாக இருக்கும், நகம் ஊன்றி ஏறிவிடும். இங்கே குடத்துக்குள்ளிருந்து சறக், சறக் என்று சத்தம் மட்டும் வந்தது. ஏறுவதும் வழுக்கி விழுவதும்தான்.

“எறக்குங்க, உள்ள வழுக்குது.”

“தொடாத. மனுசக் கை பட்டா தாய் சேக்காது. பசிச்சா தானா வரும்.”

நான் ஏறிவிடுவேன் என்று ஏணியை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார். சத்தம் குறைந்துகொண்டே வந்து நின்றுபோனது. அதற்குப் பிறகும் பெட்டை வெட்டுக்கிளியோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே இந்த மனுசன் இட்லி சாப்பிட்டார். அந்தத் தட்டைப் பிடுங்கி வீசலாமா என்று எனக்குக் கை பரபரத்தது.

எறும்பு சாரைவைத்த பிறகுதான் இறக்கினார். கவிழ்த்துத் தட்டியதும் நாரோடு நாராகக் குஞ்சுகள் விழுந்தன. எல்லாம் முழு இறகோடு இருந்தன. ஓட்டையில் விரலை விட்டுக் கீறிப் பார்த்தேன், என் நகமே நிற்கவில்லை.

“வெயிலு தாங்கல,” என்றார். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அலசினார். சொன்னபடியே பளிச்சென்று ஆகிவிட்டது. குஞ்சுகள் நல்லபடியாகப் பறந்துவிட்டதாக ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு, குடத்தைத் திரும்பவும் தொங்கவிட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் வார்க்க மோல்டைத் துடைத்து வைத்தார்.

கொஞ்ச நாளில் பெட்டை மறுபடியும் கம்பியில் வந்து உட்கார்ந்தாள், வாயில் தேங்காய் நார். நான் சவுக்குக் கழியை எடுத்துக் குடத்தை ஓங்கி அடித்தேன். துண்டு துண்டாகக் கொட்டியது.

இவர் ஓடிவந்தார். “அடிப்பாவி! நீயெல்லாம் ஒரு பொம்பளயா? வாயில நாரோட நிக்குது பாரு!”

பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போய், மோல்டையும் தூக்கி வந்து அவர் காலடியில் போட்டு உடைத்தேன்.