ஏணி அலவன்ஸ்

செருப்பை ஏணியின் கால்மாட்டில் கழற்றிவிட்டு, பேனாவை வாயில் கவ்வியபடி ஏறுகிறார் உச்சி அக்கா. கீழே இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஏணிக்காரர் வழக்கம்போல் சொல்கிறார்: “பயப்படாதம்மா, நான் இருக்கேன்ல.”

எங்கள் அரசு அலுவலகத்தின் பதிவறையில் அலமாரிகள் கூரையைத் தொடும். பழைய கோப்புகள் எல்லாம் உச்சியில். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அக்கா ஏறி இறங்குவார். ஆனால் பதிவேட்டில் ‘ஏணி ஊழியர்’ அவர் இல்லை. அந்தப் பதவி ஆண்களுக்கு என்று எந்தக் காலத்திலோ எழுதி வைத்துவிட்டார்கள். அதில் இருப்பவருக்கோ மூன்றாவது படியிலேயே தலை சுற்றும். ஆகவே அவர் பிடிக்கிறார், அக்கா ஏறுகிறார். மேலே தும்மல் கேட்டால் கோப்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

அக்கா எதற்கும் குறைப்பட்டுக்கொள்ள மாட்டார். “என் தங்கச்சி ஒரு கடையில நாள் பூரா தரையில நிக்கிறா. நான் காத்தோட்டமா மேல நிக்கிறேன். எனக்கென்ன கொறச்சல்?” என்பார். சம்பளத்தைத் தங்கையோடுதான் ஒப்பிடுவார். கீழே நிற்பவரோடு ஒப்பிட்டதே இல்லை. கேட்கும்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றிருக்கும். சம்பளப் பட்டியல் தயாரிப்பவன் நான். இருந்தும், நமக்கெதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் தலைமையகத்திலிருந்து ஒரு மேடம் படிவத்தோடு வந்தார். ‘உங்கள் சம்பளம் நியாயமானதா?’ என்பதுதான் முதல் கேள்வி.

“அநியாயம் மேடம்,” என்றார் ஏணிக்காரர், ஏணியை விடாமல். “புடிச்சுப் புடிச்சுத் தோள்பட்டையே போச்சு. இவங்க வேற ஓயாம ஏறிக்கிட்டே இருக்காங்க.”

உச்சியிலிருந்து அக்கா குரல் கொடுத்தார்: “எனக்கு நியாயம்னு போட்டுக்கங்க. அண்ணன்தான் பாவம், அவருக்கு ஏதாச்சும் பாத்துப் பண்ணுங்க.”

“பண்ணிடலாம்,” என்று மேலே பார்த்துச் சொன்னார் மேடம். “ ஏணி அலவன்ஸ ரெண்டு மடங்கா ஏத்தச் சொல்லி எழுதறேன். கூட வேலை பாக்குறவங்க நீங்க, ஒரு சாட்சிக் கையெழுத்து மட்டும் போட்டுடுங்க.”

“எந்த அலவன்ஸ்?”

“உயரத்துல ஏறுற ஆபத்துக்காக இவருக்கு மாசாமாசம் குடுக்கறாங்களே. பதினோரு வருஷமா.”

தும்மல் வரவில்லை. அக்கா எடுத்த கோப்பை எடுத்த இடத்திலேயே செருகிவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். செருப்பை மாட்டிக்கொண்டார். ஏணிக்காரரின் விரல்களை ஏணியிலிருந்து ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, தானே இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்.

“பயப்படாதீங்கண்ணே, நான் இருக்கேன்ல. ஏறுங்க.”