என் ஏச்சில் செய்த மொழி

மகள் பினாங்கிலிருந்து இரண்டு பெட்டியோடு திரும்பி வந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் வேலை பார்த்த பிரிவையே கம்பெனி மூடிவிட்டது. முப்பத்தெட்டு வயது அவளுக்கு. அதில் பதினான்கு வருடம் அந்த ஒரே இடத்தில் போயிருந்தது. நாங்கள் இருக்கும் பாடாங் செராயில் பக்கத்து வீட்டுக்காரி விசாரித்தாள். "வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர் வேல பாக்குது" என்றேன். பொய்தான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஒரு பெண்ணைப் பட்டதாரி ஆக்கியவள் நான். அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தாள். பதில் இல்லை. பிறகு எழுதுவதும் குறைந்தது. ஆனாலும் கணினியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். ஒருநாள் மத்தியானம் அறைக்குள் அவள் தனியாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது. மாதக்கணக்காக அந்த வீட்டில் கேட்காத சத்தம். போய்ப் பின்னால் நின்றேன்.

திரையில் தமிழ் எழுத்து. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நிதானமாகக் கூட்டினேன். 'எழுந்திருடி, மணி அஞ்சாச்சு' என்று இருந்தது. அதன் கீழே 'எத்தன தடவ சொல்றது'. கடைசியில் 'கண்ணு முன்னால நிக்காத'.

"ஏன்டி, இது நான் ஏசுறதுல்ல?"

"ஆமாம்மா. சும்மா வெளையாட்டுக்கு கம்ப்யூட்டருக்கு ஒரு மொழி செய்றேன். 'எழுந்திருடி'ன்னா ஆரம்பி. 'எத்தன தடவ சொல்றது'ன்னு போட்டு மூணுன்னு போட்டா, அடுத்த வரிய மூணு தடவ செய்யும். 'கண்ணு முன்னால நிக்காத'ன்னா நிறுத்து."

"தப்பாப் போட்டா?"

"'எனக்குன்னு வந்து பொறந்தியே'ன்னு திட்டும்."

அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "என் வாயில வேற வார்த்தையே நீ கேட்டதில்லயா?"

"சோறு போட்டதையும் சேத்தா ரொம்பப் பெரிய மொழியாப் போயிரும் லா."

கணினிக்கு நேராகத் தமிழ் புரியாதாம். பைத்தான் என்று இன்னொரு மொழி நடுவில் நின்று, இவள் எழுதுவதை ஒவ்வொரு வரியாக வாங்கி அதனிடம் சொல்லுமாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. தோட்டத்தில் துரை பேசுவது எங்களுக்குப் புரியாது. துரை கணக்கெழுதும் கிராணியிடம் சொல்வார், கிராணி எங்களை மேய்க்கும் மண்டோரிடம், மண்டோர் எங்களிடம். எங்களிடம் வந்து சேரும்போது அது ஏச்சாகத்தான் இருக்கும். இங்கே அது கீழிருந்து மேலே போகிறது. தோட்டத்து லயத்து வீட்டில் நான் கத்தியது, ஒரு கிராணி வழியாக ஏறிப்போய், அங்கே எதுவோ அதற்குக் கீழ்ப்படிகிறது.

"நாம சொல்லி அது கேக்குதா?"

"கேக்குதும்மா."

அதற்குப் பிறகு எனக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. தவறு அங்கேதான் தொடங்கியது.

கூலிம் நகரத்தில் ஒரு கம்பெனி அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. காலை பத்து மணிக்கு, கணினி வழியாகவே. மேலே ஆபீஸ் சட்டையும் கீழே பூப்போட்ட பாத்தேக் கைலியுமாக உட்கார்ந்தாள். "உள்ள வந்துராதம்மா" என்று இரண்டு முறை சொன்னாள். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். ஆங்கிலம் எனக்குப் புரியாது, ஆனால் அவள் பதில்கள் சுருங்கிக்கொண்டே போவது புரிந்தது. கடைசியில் ஒரே ஒரு சொல்.

என்னால் நிற்க முடியவில்லை. தேநீரை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் குனிந்தேன். திரையில் ஒரு சீனப் பெண்மணியும் ஒரு மலாய்க்காரரும் இருந்தார்கள். என் மகள் சொந்தமாக ஒரு மொழியே செய்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். மேசைக்குக் கீழே அவள் கை என் கையைப் பிடித்து இழுத்தது. "காட்டுடி" என்றேன். அந்த மலாய்க்காரர் மரியாதையாகத் தலையசைத்து, பார்க்கிறோம் என்றார்.

அவள் தட்டினாள். அவசரத்தில் ஏதோ ஓர் எழுத்து விட்டுப்போயிருக்க வேண்டும். 'எனக்குன்னு வந்து பொறந்தியே' என்று வந்து நின்றது. சீனப் பெண்மணி என்னவோ கேட்டார். மகள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். பிறகு அவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். துரை முன்னால் நாங்கள் சிரித்தது போல.

எல்லாம் முடிந்ததும் கேட்டேன், "அவங்ககிட்ட என்னா சொன்ன?"

"அதோட அர்த்தத்த கேட்டாங்க. என்னைப் பெத்ததுக்கு எங்க அம்மா வருத்தப்படறதுன்னு சொன்னேன்."

"வேற ஏதாச்சும் சொல்லிருக்கலாமுல்ல?"

"வேற என்ன அர்த்தம்மா இருக்கு அதுக்கு?"

தேநீர் அப்படியே ஆறிக் கிடந்தது.

இரண்டு வாரத்தில், இல்லை என்று பதில் வந்தது. "ஒன்னால இல்லம்மா, அவங்க கேட்டதுல பாதி எனக்குத் தெரியல" என்றாள். அது நிஜமா, என் மனசு நோகாமல் இருக்கச் சொன்னதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கேட்டேன். "அந்த 'பொறந்தியே'வ எடுத்துடேன். தப்பாப் போட்டா வேற ஏதாச்சும் சொல்லட்டும்."

"என்னா சொல்லணும்? சொல்லு, போட்றேன்." உண்மையாகவே கணினியைத் திறந்து, விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பிள்ளை தப்புச் செய்தால் தாய் வேறு என்ன சொல்வாள் என்று யோசித்தேன். வெகுநேரம் யோசித்தேன். அந்த வீட்டில் நான் சொல்லிப் பழகிய சொல் ஒன்றும் அதற்கு இல்லை.

"நீயே ஏதாச்சும் போடு" என்றேன்.

"எனக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்றாள், கோபமே இல்லாமல். கணினியை மூடிவிட்டு, மறுநாளைக்கு வேண்டிய சட்டையை ஊறவைக்கப் போனாள்.