கல்யாணப் பதிவேட்டில் முத்துக்கருப்பன்

காலை ஆறு மணிக்கு நயினார்கோவிலில் பஸ் ஏறினோம், நானும் தங்கை செல்வியும். பாம்பனைத் தாண்டி ஒரு கடலோர ஊர். அங்கே சர்ச்சில் இருக்கும் பழைய பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

செல்வி விரும்பிய அருள் அந்த ஊர்க்காரர். கிறிஸ்தவர். மூன்று மாதச் சண்டைக்குப் பிறகுதான், நாங்கள் அய்யா என்று கூப்பிடும் அப்பா சம்மதித்தார். போன வாரம் அருளின் அப்பா பேச்சுவாக்கில், தன் தாத்தாவும் நயினார்கோவில் பக்கத்து ஆள்தான், மதம் மாறுவதற்கு முன் பேர் முத்துக்கருப்பன் என்றார். அய்யா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய தாத்தா பேரும் முத்துக்கருப்பன். தோணியில் சுமை ஏற்றப் போய், இளம் வயதிலேயே கடலில் விழுந்து செத்தார், உடல் கிடைக்கவில்லை என்பதுதான் எங்கள் வீட்டில் சொல்லி வந்தது. இருவரும் ஒரே ஆள் என்றால் நாங்கள் பங்காளிகள். செல்விக்கு அருள் அண்ணன் முறை. நிச்சயத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

ஏழேகாலுக்கு ராமநாதபுரம். அங்கிருந்து ராமேஸ்வரம் பஸ், ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய். பாம்பன் பாலத்தில் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். செல்வி மட்டும் மடியிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருளை வர வேண்டாம் என்று அவளேதான் சொல்லியிருந்தாள்.

ஒன்பதே முக்காலுக்குச் சர்ச் அலுவலகம். அங்கே வேலை பார்க்கும் ரீட்டா அக்கா, துணியில் சுற்றிய கல்யாணப் பதிவேட்டைப் பிரித்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. ஒரு மணி நேரம் தேடிய பிறகு அவர் விரல் நின்றது. அந்தோணிமுத்து, முந்திய பேர் முத்துக்கருப்பன், தகப்பன் வெள்ளைச்சாமி. அய்யா எழுதிக் கொடுத்த தாளிலும் அவர் தாத்தாவின் தகப்பன் பேர் வெள்ளைச்சாமிதான். எங்கள் ஊர்ப் பெயரும் இருந்தது. நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

ரீட்டா அக்கா விரலை எடுக்கவில்லை. “இரு தம்பி, இன்னும் எழுதியிருக்கு. பொண்ணு விதவை. கையில நாலு வயசு மகன், பேரு சூசை. அவன் அப்பன் பேரு வேற.”

அருளின் அப்பாவுக்கு அப்பா அந்தச் சூசை. ஞானஸ்நானப் பதிவேட்டையும் புரட்டினோம். முத்துக்கருப்பனுக்கு இங்கே பிள்ளை பிறந்ததாக ஒரு வரிகூட இல்லை. ரத்த உறவு இல்லை என்று செல்வியிடம் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, மாப்பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சொல்லைக் காட்டினாள். தாரமிழந்தவர். அந்தத் தாரம், அய்யாவின் அப்பத்தா, அப்போது எங்கள் ஊரில் உயிரோடு இருந்தாள். புருஷன் கடலோடு போனான் என்று நம்பித் தாலி கழற்றி, கைக்குழந்தையோடு களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

அடக்கப் பதிவேட்டில் முத்துக்கருப்பனுக்கு வயது அறுபத்தெட்டு. அவரைப் புதைத்தபோது அய்யாவுக்கு ஆறு வயது நடந்திருக்கும்.

பகல் பன்னிரண்டரைக்குக் கல்லறைத் தோட்டம் போனோம். வேலியோர வரிசையில் எங்கோ இருக்கிறார் என்பது வரைதான் ரீட்டா அக்காவால் சொல்ல முடிந்தது. முள் மண்டிய வெறும் மணல்மேடு. எங்கள் புஞ்சையில் அவருக்குக் கல் நட்டு வருஷா வருஷம் படைக்கிறோம். அதை நினைத்ததும் அய்யாவுக்குப் போன் செய்யக் கை வரவில்லை. வளர்த்த பிள்ளையும் பிள்ளைதானே என்று அவர் கேட்டுவிடுவாரோ என்றும் பயம்.

செல்வியே போனை வாங்கி எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். அய்யா கேட்டார். “சூசை அவரு பெத்த பிள்ள இல்லைங்கிறது நிச்சயமா?”

“நிச்சயம்யா. எழுத்துல இருக்கு.”

“எங்கன பொதச்சிருக்காக?”

வேலியோரம் என்றாள்.

“படைக்கிறப்ப அப்பத்தாகிட்ட நான் என்னத்தச் சொல்ல” என்றவர், “நிச்சயத்துக்கு முந்தி நான் ஒருக்கா அங்கன வாரேன்” என்று வைத்துவிட்டார்.

இரண்டு மணி பஸ் பாலத்தை நெருங்கும்போது செல்வி அருளை அழைத்தாள். நிச்சயத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கல்லறைத் தோட்டத்து வேலியோரம் முள்ளை வெட்டி, அய்யா உட்காரும் அளவுக்கு இடம் பண்ணி வைக்கச் சொன்னாள்.