வலப்பக்கத்துப் பள்ளம்

ஓய்வுபெற்று நான்கு வருடமாகியும் தெருவில் அவர் ஆபீசர்தான். வீட்டில் அந்தப் பதவி அவருக்குக் கிடைத்ததே இல்லை. எது உடைந்தாலும் அவர் மனைவி கூப்பிட்டது தச்சரான தன் அண்ணனை. கட்டில் கால், ஜன்னல் கொண்டி, அலமாரிக் கதவு என்று எல்லாவற்றையும் மச்சான் வந்து சரிசெய்வார். ஆபீசர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு, "பாத்து, சுவத்துல பட்டுடப் போகுது" என்று மேற்பார்வை பார்ப்பார்.

மச்சான் இறந்து மூன்று மாதம். படுக்கையறைக் கதவு மழையில் உப்பித் தரையில் இழுபட்டது. "அடுத்த வாரம் வந்து சீவி விடுறேன்" என்று சொல்லியிருந்தவர் வரவில்லை. வேறு ஆளைக் கூப்பிட மனைவி சம்மதிக்கவில்லை. கதவு முனகும்போதெல்லாம் ஒரு நொடி நின்று, பிறகு நடந்தாள். செத்த பிறகும் மச்சானே மதிப்பெண் வாங்குகிறார் என்று ஆபீசருக்குப் பொருமலாக இருந்தது. ஒரே ஒரு தடவையாவது, "நீங்க நல்லா செஞ்சிருக்கீங்க" என்று அவள் வாயால் கேட்டுவிட வேண்டும்.

மச்சான் மகனிடம் மரம் சீவ மின்சார மெஷின் இருந்தது. அதனால் அப்பா கையால் மரம் சீவிய பழைய மரக்கட்டை இழைப்புளியை அத்தையிடம் கொடுத்திருந்தான். அவள் அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தாள். தங்கை வீட்டுக்கு அவள் நான்கு நாள் போனதும் ஆபீசர் அதை எடுத்து மேசைமேல் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஃபைலைப் பார்ப்பதுபோல் பார்த்தார். குறைகளுக்கு வரிசை எண் போட்டார். தகட்டில் துரு. ஆப்பு தளர்வு. மரமெல்லாம் கறுத்த அழுக்கு. பின்பக்கம், வலப்புறத்தில் ஒரு பள்ளம்.

கடைசிக் குறை அவரை யோசிக்க வைத்தது. வலது கையில் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரல் இடப்புறம்தான் வந்தது. வலப்புறத்தில் பள்ளத்துக்கு வேலையே இல்லை. பூச்சி அரித்தது என்று முடிவு செய்து, பசையில் மரத்தூளைக் குழைத்து அடைத்தார். சிக்கனமாக இருக்கட்டும் என்று பசையில் தண்ணீரும் கலந்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், இரண்டு கை வார்னிஷ் அடித்தார். தகட்டைத் தீட்டியதில் விரல் கிழிந்தது. அதற்கு மட்டும், பார்ப்பவர் கண்ணில் படும்படி பெரிதாகக் கட்டுப் போட்டுக்கொண்டார்.

மனைவி வந்ததும் நீட்டினார். கல்யாணச் சீர்போல் பளபளத்தது. அவள் அதை இடது கையில் வாங்கினாள். கட்டைவிரல் எதையோ தேடி வழுக்கியது.

"இங்க இருந்த பள்ளம் எங்கங்க?"

"அடைச்சுட்டேன். பூச்சி அரிச்சிருந்தது."

"பூச்சி இல்ல. எங்கண்ணன் விரலு பட்டுத் தேஞ்சது."

"விரலுன்னா இந்தப் பக்கம்ல வரணும்?"

"அவரு இடது கைக்காரர்." அவள் குரல் உயரவில்லை. "முப்பது வருஷம் இந்த வீட்டுல ஆணி அடிச்சாரு. எந்தக் கையால அடிச்சாருன்னு தெரியாது உங்களுக்கு?"

ஆபீசருக்கு அந்த முப்பது வருடத்தில் தலைப்புச் செய்திகள்தான் ஞாபகம் வந்தன. கட்டுப் போட்ட விரலை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அவள் உட்கார்ந்து, கொண்டை ஊசியை உருவி, வார்னிஷில் ஓரமாகக் கீறி நெம்பினாள். அடைப்பு அப்படியே பொரியுருண்டைபோல் கழன்று மடியில் விழுந்தது. உள்ளே பள்ளம் கறுத்து, வழவழவென்று அப்படியே இருந்தது. அவள் கட்டைவிரல் அதில் போய் உட்கார்ந்தது. அண்ணன் விரல் பெரிது, சுற்றிலும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.

"நல்லவேளை," என்றாள். "நீங்க எதையும் ஒழுங்கா செய்ய மாட்டீங்க."

பாராட்டு என்று அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதையும் வாங்கிக்கொண்டார்.

"கதவைக் கழட்டுங்க, சீவிடலாம்," என்றாள்.

ஆபீசர் திருப்புளியை எடுத்து வந்து கீலின் முன்னால் குந்தினார். வெகுநேரம் திருகாணியையே பார்த்தார்.

"எந்தப் பக்கம் திருகணும்?"

"இடது பக்கம்," என்றாள். "இது எல்லாருக்கும் ஒரே பக்கம்தான்."