முள்ளில்லாத கன்னிக்கால்

கொழும்பு வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் கன்னிக்கால் ஊன்றுவதற்கு முதலில் ஒரு வாளி வேண்டும். கலியாணத்துக்கு முன் நல்ல நேரம் பார்த்து, வீட்டின் வடகிழக்கு மூலையில் முள்முருக்குத் தடி ஊன்றிப் பால் ஊற்றுவது எங்கள் வழக்கம். எங்கள் வடகிழக்கு மூலையில் வோஷிங் மெஷின் நின்றது. அதைத் தள்ளிவிட்டு, கடல் மண் நிரப்பிய வாளியை வைத்தோம்.

தடிக்கு எங்கே போவது? மாப்பிள்ளையின் அம்மா மலைநாட்டில் ஹற்றன் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தேயிலைக்கு நிழலாக நிற்பது முருக்குத்தானே என்று, ஈரச் சாக்கில் சுற்றிய தடியை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்து இறங்கினார். தங்கச்சி மூன்று வருடம் வீட்டோடு சண்டை பிடித்து வாங்கிய கலியாணம் இது. இந்தத் தடியைத் திருப்பிக் கொடுத்தால் எல்லாம் குழம்பிவிடும் என்று பயந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாமாதான் ஊன்ற வேண்டியவர். சாக்கை அவிழ்த்துத் தடவிப் பார்த்தார்.

“முள்ளு எங்கை? இது முள்முருக்கில்லை.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “நீதானே உந்த மரத்தைப் பற்றிப் படிக்கிறனி. சொல்லு பாப்பம்.”

உண்மைதான். முருக்கு ஊருக்கு ஊர் எவ்வளவு மாறுகிறது என்று யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலைநாடு எல்லாம் அலைந்து இலை பொறுக்கி, ஆய்வுகூடத்தில் மரபணு பார்க்கிறேன். சில இடத்தில் முள் உண்டு, சில இடத்தில் இல்லை. ‘ஓம், இதுதான்’ என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். என் நாக்கில் சனி.

“சோதிச்சுப் பாத்தால்தான் சொல்லலாம் மாமா. மூண்டு கிழமை செல்லும்.”

“நல்ல நேரம் முடிய இருபது நிமிசந்தான் கிடக்கு.”

மாமா ஓய்வுபெற்ற பொறியியலாளர். என் கட்டிலுக்குக் கீழே பேப்பரில் காயவைத்திருந்த யாழ்ப்பாணத்துக் கொப்பை எடுத்துவந்து, முள்ளைப் பிடுங்கி, சுப்பர் குளூவால் தடியில் ஒட்டத் தொடங்கினார். மூன்று முள் தடியில் ஒட்டின. நாலாவது அவருடைய பெருவிரலில் ஒட்டியது.

மாப்பிள்ளையின் அம்மா ஈரச் சாக்கை மடித்து வைத்தார்.

“முள்ளு வேணும்னா முன்னமே சொல்லியிருக்கலாங்க. நாங்க முள்ளில்லாத கம்பாப் பாத்துத்தான் வெட்டி நடுவோம். கொப்பு வெட்டுறவங்க கை கிழியக் கூடாதுன்னு.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை இலை அரைத்தும், தோட்டத்தில் ஒருவரிடமும் இதை நான் கேட்டதில்லை.

அறைக்குள் இருந்து தங்கச்சி வந்தாள். தடியை வாங்கி, மூன்று முள்ளையும் நகத்தால் பிய்த்துப் போட்டு, வாளிக்குள் குத்தினாள்.

“பொம்பிளை ஊண்டக்கூடாது,” என்றார் மாமா.

“ஊண்டியாச்சு மாமா. பாலை ஊத்துங்கோ.”

தடி ஒரு பக்கம் சாய்ந்தது. “கடல் மண்ணு நிக்காதும்மா, நல்லா அமுக்கு,” என்று மாப்பிள்ளையின் அம்மா முழங்காலிட்டுத் தன் கைகளையும் மண்ணுக்குள் விட்டார். மாமா, முள் ஒட்டிய விரலை விலக்கிப் பிடித்தபடி, இரண்டு பேருடைய கைகளின் மேலும் பாலை ஊற்றினார்.